பங்களாவில் துரை இருந்தாரா?

"செஜாராவ எதுக்குண்ணே படிக்கணும்? இண்டர்வியூல கேக்கப் போறாங்களா?"

கரங்கானில் ஒட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது என் சித்தி மகன் கேட்டான். இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதப் போகிறான். பதினேழு வயதில் நானும் இதையே கேட்டவன். வரலாறு 2013 முதல் எஸ்.பி.எம்மில் கட்டாயத் தேர்ச்சிப் பாடம். அதில் தோற்றால் சான்றிதழ் கிடையாது. அந்தப் பயத்தில்தான் படித்தேன். 1511 மலாக்கா வீழ்ச்சி, 1874 பங்கோர் ஒப்பந்தம், 1941 டிசம்பர் ஜப்பானியர் வருகை, 1945 சரணடைவு, 1946 மலாயன் யூனியன். தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். தேர்வு முடிந்த அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன்.

தாள்தான் போனது, ஆண்டுகள் மண்டையில் தங்கிவிட்டன. அவை பயன்பட்டது பாட்டியிடம்.

பாட்டி கரங்கான் பக்கம் டப்ளின் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து அவர் சொல்லி நான் கேட்ட கதை ஒன்று உண்டு. தோட்டத்தில் கூட்டம் கூடியது. ஒருவர் நின்று பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று சுடும் சத்தம். பாட்டியை அவருடைய அம்மா லயத்துக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார். ஓர் ஆள் செத்துப்போனார். "ஜப்பான்காரன் சுட்டுட்டான்" என்றுதான் பாட்டி எப்போதும் முடிப்பார். பாட்டியின் பெரியப்பாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவே இல்லை. அதனால் ஜப்பான்காரன் சுட்டான் என்பதை வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு அதே கதையைச் சொன்னபோது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். "அப்போ துரை எங்க பாட்டி இருந்தாரு?"

"எங்க இருப்பாரு? பங்களாவுலதான்."

அங்கேதான் இடித்தது. ஜப்பானியர் ஆண்ட மூன்றரை ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களில் இல்லை. தப்பி ஓடியிருந்தார்கள், அல்லது சிறைமுகாமில் இருந்தார்கள். பங்களாவில் துரை இருந்தார் என்றால் ஒன்று 1941க்கு முன், இல்லையென்றால் 1945க்குப் பின். அப்போது தனக்கு ஏழு வயசு இருக்கும் என்கிறார் பாட்டி. அவர் பிறந்தது 1940. கணக்கு 1947இல் வந்து நின்றது.

தேட ஆரம்பித்தேன். மலாயாத் தொழிலாளர் போராட்டங்களை ஆராய்ந்த மைக்கேல் ஸ்டென்சனின் எழுத்து வழியே கெடாவின் 1947ஆம் ஆண்டுக்குள் நுழைந்தேன். அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராக நின்ற தொழிலாளர்களைப் போலீஸ் தாக்கியது, ஒருவர் இறந்தார். அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இயங்கியது. ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில், பேசிக்கொண்டிருந்த தொழிற்சங்கக்காரரைக் கைதுசெய்யப் போனபோது கூட்டம் தடுத்தது. போலீஸ் சுட்டது. ஒரு தொழிலாளி இறந்தார். அது பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ்.

பாட்டி கேட்ட சத்தம் இதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் இடம், கூட்டம், பேச்சு, ஒரு சாவு, துரை எல்லாம் பொருந்துகின்றன. பொருந்தாதது ஜப்பான்காரன் மட்டும்தான்.

நான் படித்த பாடநூலில் டப்ளின் தோட்டம் வந்ததாக நினைவில்லை. 1946 மலாயன் யூனியனிலிருந்து 1948 மலாயாக் கூட்டரசுக்குப் போகும் வழியில் எங்கள் லயம் விழுந்துவிட்டது. இந்தக் குறை நியாயமானது, கேட்க வேண்டியது. ஆனால் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியதும் அதே புத்தகத்தின் ஆண்டுகள்தான். எது முன், எது பின், அப்போது யார் ஆட்சி என்று கேட்கத் தெரிந்திராவிட்டால் அந்தக் கதை கதையாகவே போயிருக்கும்.

கேட்காமல் விட்டதும் உண்டு. 2013 இறுதியில், எங்கள் மாநிலத்திலேயே, பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தது. பையன்கள் நாங்கள் ஃபேஸ்புக்கில் கொதித்தோம். "தமிழன் ஆண்ட மண்" என்று எழுதினோம். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்ததும், அங்கேயே இருந்து ஆள்வதும் ஒன்றா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இடிவதற்கு முன் அந்தச் சண்டியைப் போய்ப் பார்த்தவரும் எங்களில் இல்லை. பாடத்தில் தேறினோம், அவ்வளவுதான்.

கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது?" இதைத் தெரிந்துகொள்ளாமல் யார்மீதும் பழி போடக்கூடாது. தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். இண்டர்வியூவில் 1874ஐக் கேட்க மாட்டார்கள். ஆனால் வேலையில் தினமும் இதைத்தான் கேட்கிறார்கள்.

கண்டுபிடித்ததைப் பாட்டியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்.

"அப்ப சுட்டது வெள்ளக்காரன் போலீசாடா? இத்தன வருசமா ஆள மாத்தித் திட்டிட்டு இருந்திருக்கேனே."

பிறகு, "செத்தவரு பேரு என்னன்னு போட்டிருக்கா?" என்றார்.

அந்தப் பெயரைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.