தறியும் அறிவுப் பொறியும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசை அன்றாடம் கேட்பது. அறிவுப் பொறிகளின் வரலாற்றில் தறிக்கும் இடமுண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் தானே இசைக்கும் குழற்கருவி பற்றி எழுதினர். அவர்கள் காலத்து அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே 'அல்காரிதம்' என்னும் சொல் பிறந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் அதுவே அடிப்படை. 1804இல் பிரான்சின் ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார். அம்முறையையே பின்னர் இங்கிலாந்தின் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்தில் கையாண்டார்.

கலீஃபா மஃமூன் அறிஞர்களைப் போற்றினார். பக்தாதில் அறிவியல் தழைத்தது. நாமோ பொறியை விரும்பி வாங்குகிறோம். அதை ஈன்ற அறிவியலை மதிப்பதில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியின் கணக்கைக் கேட்டால் விளக்கிச் சொல்லும் சமூகமே நாளைய பொறிகளைப் படைக்கும். ஏனையது அவற்றை விலைகொடுத்து வாங்கும்.