புதிய படமும் பழைய அளவுகோலும்

மாணவர்களே, வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே உங்கள் நினைவுக்கு வரும். மக்கள் ஒரு காலத்தில் எதனைப் புகழ்ந்தார்கள், எதனை இகழ்ந்தார்கள், பின்னர் ஏன் மனம் மாறினார்கள் என்பதும் வரலாறேயாகும். அதனை ஆராய்வதற்கு இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் உங்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம். 1962 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் ஜேம்ஸ் பாண்ட் படங்களையும், அவ்வரிசையில் புதிய படம் ஒன்று வரும்போதெல்லாம் எழுகின்ற கருத்துகளையும் பற்றிப் பேசப்போகிறேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் சண்டைப் படங்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். வகுப்பறையின் கடைசி வரிசையில் நீங்கள் எதைப் பற்றிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாததன்று.

இக்கதைகளைப் படைத்தவர் இயான் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் உளவுத் துறையில் பணியாற்றியவர். போருக்குப் பின் ஜமைக்காத் தீவில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்கே சென்று எழுதுவார். முதல் நாவல் 1953-ல் வெளிவந்தது. தம் கதைத் தலைவனுக்கு ஆடம்பரமற்ற பெயர் ஒன்று வேண்டுமெனத் தேடியவர், மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் ஒருவரின் பெயரை எடுத்துச் சூட்டிவிட்டார். ஆம், ஜேம்ஸ் பாண்ட் என்பது முதலில் ஒரு பறவையியல் அறிஞரின் பெயர்!

அந்நாவல்கள் வெளிவந்த காலத்தை நோக்குங்கள். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றுவிட்டது. 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சிக்கலில் பிரிட்டன் தலைகுனிந்து தன் படைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பேரரசு கைநழுவிப் போய்க்கொண்டிருந்த நாட்டில், அந்நாட்டு ஒற்றன் ஒருவன் தனியாளாக நின்று உலகத்தைக் காப்பதாக எழுதிய கதைகள் ஏன் அத்தனை விரும்பிப் படிக்கப்பட்டன என்பது விளங்காத புதிரன்று. முதற் படமாகிய 'டாக்டர் நோ'வின் வரலாற்றிலும் இதே நிழலைக் காணலாம். 1962 ஜனவரியில் ஜமைக்காவில் படப்பிடிப்புத் தொடங்கியபோது அத்தீவு பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அது விடுதலை பெற்றது. அக்டோபர் 5-ஆம் நாள் படம் லண்டனில் திரையிடப்பட்டது. கரீபியக் கடலின் தீவு ஒன்றில் மறைந்திருந்து அமெரிக்க ராக்கெட்டுகளைத் திசைதிருப்பும் கொடியவன் ஒருவனைப் பற்றியது கதை. படம் வந்து இரண்டு வாரங்கள் ஆவதற்குள், அதே கரீபியக் கடலின் கியூபாத் தீவில் சோவியத்து ஏவுகணைகள் நிறுவப்படுவது கண்டறியப்பட்டு உலகம் அணுப்போரின் விளிம்புக்கே சென்றது. எழுத்தாளனின் கற்பனையும் நாட்டு நடப்பும் இவ்வளவு நெருங்கி நின்றது அரிது.

ஒற்றனாக நடித்தவர் ஷான் கானரி. எடின்பரோ நகரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பால் வண்டி ஓட்டி, பின்னர் நடிப்புக்கு வந்தவர். 1962-க்கும் 1967-க்கும் இடையில் ஐந்து படங்களில் அவரே நாயகன். ஐந்தாவது படம் முடிந்ததும், இனி நடிப்பதில்லை என்று விலகிக்கொண்டார். இங்கேதான் நம் ஆராய்ச்சிக்குரிய நிகழ்ச்சி வருகிறது.

1969 டிசம்பரில் ஆறாவது படம் வெளிவந்தது. 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்பது அதன் பெயர். 'அரசியாரின் மறைபணியில்' என்று தமிழில் கூறலாம். நாயகனாக நடித்தவர் ஜார்ஜ் லேசன்பி என்ற ஆஸ்திரேலியர். கார் விற்பனையிலும் விளம்பரப் படங்களிலும் ஈடுபட்டிருந்த அவருக்குத் திரைப்பட நடிப்பில் முன்பழக்கம் இல்லை. இயக்குநர் பீட்டர் ஹண்ட் முன்னைய படங்களின் படத்தொகுப்பாளராக இருந்தவர், முதன்முறையாக இயக்கினார். இருவரும் புதியவர்கள். கதையோ அதனினும் புதியது. மாயக் கருவிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஃபிளெமிங்கின் நாவலை ஒட்டியே படத்தை எடுத்தார்கள். ஒற்றன் ஒரு பெண்ணை உண்மையாகவே காதலித்து மணந்துகொள்கிறான். மணம் முடிந்து காரில் புறப்பட்ட அன்றே அவள் பகைவர்களின் துப்பாக்கிக்குப் பலியாகிறாள். அவளை மடியில் ஏந்தியபடி, அவள் உறங்குகிறாள் என்பதுபோல அவன் பேசிக்கொண்டிருக்கப் படம் முடிகிறது. வெற்றி முழக்கத்தோடு முடிவதே வழக்கமாயிருந்த வரிசையில் இப்படி ஒரு முடிவு!

அந்நாளைய விமரிசகர்களில் பலர் எழுதியது என்ன? படத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய பேனா இரண்டாம் வரியிலேயே கானரியின் பெயரைத் தேடிச் சென்றது. இவர் அவரைப் போல நடக்கவில்லை, அவரைப் போலப் பேசவில்லை, அவரைப் போலச் சிரிக்கவில்லை. பனிமலைச் சறுக்கற் காட்சிகளையும் டயானா ரிக் என்னும் நடிகையின் நடிப்பையும் பாராட்டியவர்கள் அன்றும் இருந்தார்கள் என்பதை நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆயினும் பெருவாரியான குரல், இல்லாத ஒருவரைப் பற்றியதாகவே இருந்தது. படம் நட்டமடையவில்லை; முன்னையதைவிடக் குறைவாக ஈட்டியது. போதாதா? தோல்விப் படம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. லேசன்பியோ, ஒற்றர் கதைகளின் காலம் முடிந்தது என்று கூறிய ஆலோசகர் சொற்கேட்டு, படம் வெளிவருவதற்கு முன்பே விலகிவிட்டார். முதற்காட்சிக்கு அவர் நீண்ட முடியும் தாடியுமாக வந்து நின்றது படத் தயாரிப்பாளர்களுக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

1971-ல் கானரியை மீண்டும் அழைத்துவந்தார்கள். அதற்கு அவர் பெற்ற ஊதியம் பன்னிரண்டரை லட்சம் டாலர். அத்தொகையை ஸ்காட்லாந்து இளைஞர்களின் கல்விக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றுக்கு அளித்தார். அப்படத்தைவிட இச்செயல் எனக்குப் பிடிக்கும்.

ஆண்டுகள் சென்றன. தொலைக்காட்சியிலும் வீடியோ நாடாக்களிலும் பழைய படங்களை மீண்டும் காணும் வாய்ப்பு வந்தது. கானரியை அரங்கில் எதிர்பார்த்து ஏமாந்திராத புதிய தலைமுறை 1969-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தது. அவர்களுக்கு அது மற்றொரு படம், அவ்வளவே. துயரத்தை மறைக்காமல் காட்டிய படம் என்று பலர் மெச்சினார்கள். புகழ்பெற்ற இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் இவ்வரிசையில் தமக்கு மிகவும் பிடித்தது அதுவே என்று கூறியிருக்கிறார். 2021-ல் வெளிவந்த 'நோ டைம் டு டை' என்னும் இருபத்தைந்தாம் படத்தில், 1969-ல் லூயி ஆம்ஸ்டிராங் பாடிய பாடலையே மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். தோல்வி என்று ஒதுக்கப்பட்ட படத்தின் பாட்டு ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் மரியாதையோடு திரும்பி வந்தது.

படச்சுருளில் ஒரு காட்சியும் மாறவில்லை. மாறியது எது? எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் முறையைச் சொல்லித் தருகையில், ஒரு சான்றைக் கையில் எடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னே, யார் எழுதினார், எப்பொழுது எழுதினார், எதை மனத்தில் வைத்து எழுதினார் என்று கேட்கப் பழக்குவார்கள். புதிய தொடர்ப் படத்தைப் பற்றி முதல் வாரத்தில் எழும் கருத்தை இம்முறையில் சோதித்துப் பார்த்தால், அக்கருத்திற் பெரும்பகுதி பழைய படத்தைப் பற்றியது என்பது புலப்படும். புதிய படத்துக்கு அது நல்ல சான்றன்று. பழைய படத்தின் மீது மக்கள் வைத்திருந்த பற்றுக்கு மிக நல்ல சான்று. வரலாறு எழுதுபவன் இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. 2002-ல் வந்த இருபதாவது படம் அதற்கு முந்தைய படங்களினும் மிகுதியாகப் பணம் ஈட்டியது. கண்ணுக்குப் புலப்படாமல் மறையும் கார் ஒன்று அதில் வந்தது. அன்று கைதட்டியவர்களே சில ஆண்டுகளில் அந்தக் காரைக் கேலிப் பொருளாக்கிவிட்டார்கள். தயாரிப்பாளர்களும் அவ்வழியில் மேலே செல்லாமல், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து தொடங்கினார்கள்.

அந்தத் தொடக்கம் மற்றொரு பாடம். 2005 அக்டோபரில் புதிய நாயகனாக டேனியல் கிரெய்க் என்பவரை லண்டனில் அறிவித்தார்கள். தேம்ஸ் ஆற்றில் விரைவுப் படகில் அவர் வந்திறங்கினார். பாதுகாப்புக்காக மேலே மிதவை அங்கி அணிந்திருந்தார். உலகைக் காக்கும் வீரனுக்கு மிதவை அங்கியா என்று இதழ்கள் நகைத்தன. தலைமுடி பொன்னிறமாக இருக்கிறது, உயரம் போதாது என்றெல்லாம் குற்றம் சாட்டினார்கள். படத்தையே புறக்கணிக்க வேண்டுமென்று ஓர் இயக்கமும் நடந்தது. ஒரு காட்சியும் திரைக்கு வராத நிலையில் எழுந்த கருத்துகள் இவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2006 நவம்பரில் 'கஸீனோ ராயல்' வெளிவந்தது. எதிர்ப்பு அடங்கிப்போயிற்று. அந்நடிப்புக்காக பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சிறந்த நடிகர் விருதுக்குரிய பட்டியலில் கிரெய்க்கின் பெயர் இடம்பெற்றது.

ஆனால் கிரெய்க் காட்டிய கடுமையும் மனக்காயமும் புதியன அல்ல. 1989-ல் டிமத்தி டால்டன் என்ற நாடக நடிகர் அதனையே செய்தார். தம் நண்பனை முடமாக்கிய போதைப்பொருள் வணிகனைப் பழிவாங்கப் புறப்படும் ஒற்றன், மேலதிகாரியின் கட்டளையை மீறி வேலையையே இழக்கும் கதை அது. ரோஜர் மூர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் புன்னகையோடும் கேலிப் பேச்சோடும் நடித்துப் பழக்கிவைத்திருந்த மக்கள், இவர் ஏன் சிரிக்கவே மாட்டேன் என்கிறார் என்று கேட்டார்கள். பிரிட்டனில் பதினைந்து வயதுக்குட்பட்டோர் பார்க்கக்கூடாது என்று சான்று பெற்ற முதற் பாண்ட் படமும் அதுவே. டால்டன் 1989-ல் செய்தது பிழை. கிரெய்க் 2006-ல் செய்தது பெருமை! இடையிலே 1991-ல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. 2001-ல் நியூயார்க் நகரக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. ஒற்றனைப் பற்றிய கதையில் மக்கள் எதைத் தேடினார்கள் என்பதே மாறிவிட்டது.

நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். 1983-ல் வெளிவந்த 'ஆக்டோபசி' என்னும் படத்தின் ஒரு பகுதியை உதயப்பூரில் எடுத்தார்கள். நம் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் ஒற்றனுக்கு உதவுபவராக நடித்தார். ஆட்டோ ரிக்ஷாத் துரத்தலில் டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை விரட்டுவார். அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் பாம்பாட்டி, தீ மிதிப்போர், வாள் விழுங்குவோர் எல்லாரையும் ஒரே தெருவில் நிறுத்திவைத்துவிட்டு இதுவே இந்தியா என்று காட்டியதை வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை, இன்றும் ஏற்கவில்லை. காலம் சென்றால் எல்லாக் குறையும் குணமாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. கொல்வதற்கு உரிமம் பெற்றவன் என்பதைப் பெருமையாகப் பேசுவதும், கதைக்குக் கதை ஒரு பெண்ணை அழகுக்கு நிறுத்தி அழிவுக்குக் கொடுப்பதும் 1962-லும் குறைதான். பின்னாளைய படங்கள் தாமே அவற்றைத் திருத்திக்கொள்ள முயன்றன. 1995-ல் ஒற்றனின் மேலதிகாரியாக ஜூடி டென்ச் என்னும் பெண்மணியை அமர்த்தி, அவனைக் காலங்கடந்தவன் என்று நேருக்கு நேர் இடித்துரைக்கச் செய்தார்கள். அக்காட்சி எனக்குப் பெரிதும் உவப்பானது.

2021-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவில் நாயகனே மாள்கிறான். இது துணிவு என்றார் சிலர், துரோகம் என்றார் சிலர். இரு சாராரும் முன்னைய இருபத்து நான்கு படங்களைச் சான்றுக்கு அழைத்தார்கள். அதன் பின் 2025-ல் படைப்புரிமையின் ஆட்சி அமேசான் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அடுத்த படத்தைக் கனடா நாட்டு இயக்குநர் டெனி வில்நேவ் இயக்குவார் என்று அதே ஆண்டில் அறிவித்தார்கள். நாயகன் பெயர் வெளிவருமுன்பே, இவர் வேண்டும் அவர் வேண்டாம் என்ற வாதம் எழுந்துவிட்டது. அப்படம் வரும் நாளில் உங்களில் சிலரேனும் முதல் வாரத்துக் கருத்துகளை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். உங்கள் கருத்தையும் எழுதுங்கள். பத்தாண்டு கழித்து அதனை எடுத்துப் பார்க்கும் உங்களுக்கு அது பாடநூலில் கிடைக்காத ஒரு சான்றாக இருக்கும்.

1969-ஆம் ஆண்டுப் படத்தில் பகைவனின் கோட்டையாகக் காட்டப்பட்டது சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரத்தின் மேல் அப்போது கட்டி முடிக்கப்படாதிருந்த ஒரு சுழலும் உணவகம். படக்குழுவினர் அளித்த பொருளும் சேர்ந்தே அதன் வேலை முடிந்தது. கதையில் அக்கோட்டைக்கு இட்ட பெயர் 'பிஸ் குளோரியா'. அந்தப் பெயரையே உணவகத்துக்கும் நிலையாக வைத்துவிட்டார்கள். அப்படத்தைப் பற்றிய காட்சிக்கூடம் ஒன்றையும் பின்னர் அங்கே அமைத்தார்கள்.