கெனிசா அறையும் சபைக் கணக்கேடுகளும்

எந்த ஏட்டைக் காப்பது, எதைக் கழிப்பது என்னும் வினா அலுவலக எழுத்தருக்கு மட்டும் உரியதன்று. திருமறையிலேயே அது எழுகிறது. எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில் எரேமியா ஆனதோத்திலிருந்த நிலத்தை விலைக்கு வாங்கினார், அதன் கிரயப்பத்திரங்கள் நெடுநாள் கெடாதிருக்குமாறு அவற்றை மண்பாண்டத்தில் வைக்கும்படி பாருக்குக்குக் கட்டளையிட்டார் (எரே. 32). ஆனால் 36ஆம் அதிகாரத்தில், தன்னைக் குற்றப்படுத்திய சுருளை யோயாக்கீம் அரசன் அறுத்துத் தீயிலிடுகிறான். ஒரு நிலப்பத்திரம் நம்பிக்கைக்குச் சாட்சியாகிறது. ஒரு சுருளின் அழிவு அதிகாரத்தின் அச்சத்தைக் காட்டுகிறது.

பிற்கால யூத மரபு, கழிப்பதற்கும் ஒரு பயபக்தியான முறையை வகுத்தது. இறைவனின் திருப்பெயர் எழுதப்பட்ட ஏடு பழுதடைந்தால் அதனை எறிந்துவிடலாகாது. தனியிடத்தில் ஒதுக்கி வைத்துப் பின்னர் அடக்கம் செய்ய வேண்டும். அவ்விடமே கெனிசா எனப்படுகிறது. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்திலுள்ள பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் இவ்வழக்கம் மேலும் விரிவடைந்தது. திருமறைப் படிகள் மட்டுமன்றி, கடன் சீட்டுகள், வணிகர் மடல்கள், திருமண ஒப்பந்தங்கள், ஏழைகளுக்கு அப்பம் வழங்கிய பட்டியல்கள் ஆகியனவும் அவ்வறையில் இடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை அடக்கம் செய்யப்படவேயில்லை. எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காத்தது.

1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்னும் பிரெஸ்பிட்டேரிய இரட்டைச் சகோதரிகள் கீழ்நாடுகளில் வாங்கி வந்த ஏடுகளுள் ஒன்று, சீராக் ஞானநூலின் எபிரேய மூலத்தைச் சேர்ந்தது எனச் சாலமோன் ஷெக்டர் கண்டறிந்தார். அவ்வாண்டின் இறுதியில் அவர் கெய்ரோ சென்று, ஏறத்தாழ 1,93,000 துணுக்குகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொணர்ந்தார். முதலில் அறிஞரின் கவனம் சமய நூல்களிலேயே நிலைத்தது. பயனற்றவை எனக் கருதப்பட்ட துணுக்குகள் பல்லாண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. எஸ். டி. கோய்ட்டைன் போன்றோர் 1950களில் அவற்றை ஆராயத் தொடங்கினர். வணிகர் மடல்களையும் கணக்குகளையும் அடிப்படையாகக் கொண்டு, 1967 முதல் 1988 வரை ஐந்து தொகுதிகளில் கோய்ட்டைன் ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே எழுதினார்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு, 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்தவர். தமக்கு வந்த மடல்களின் வெற்றிடங்களிலும் அவர் கணக்கு எழுதினார். 1132இல் ஆஷு என்னும் அடிமைப் பெண்ணை அவர் விடுதலை செய்த பத்திரமும் நமக்குக் கிடைத்துள்ளது. அரசர்களின் கல்வெட்டுகளில் இடம்பெறாத ஒருத்தியின் பெயரை ஒரு வணிகரின் காகிதக் கட்டே காத்துத் தந்தது.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது? எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்பதன்று. கழித்தல் தவறன்று, அதுவும் ஓர் உக்கிராணப் பணியே. ஆயின், ஓர் ஏட்டின் மதிப்பை ஒரு தலைமுறை தனித்து அளந்துவிட இயலாது. ஷெக்டரின் காலத்தில் ஒதுக்கப்பட்டது கோய்ட்டைனின் காலத்தில் மூலைக்கல்லாயிற்று. மேலும், நமது ஈரக்காற்றும் கரையானும் எகிப்தின் வறட்சியைப் போல நமக்கு உதவமாட்டா. தற்செயலை நம்பி நாம் இருக்கலாகாது.

ஆகவே குருசேகரக் கமிட்டிகள் சில நெறிகளை வகுத்துக்கொள்வது நலம். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், கமிட்டித் தீர்மானங்கள், நிலப்பத்திரங்கள் ஆகியவை என்றும் காக்கப்பட வேண்டும். அன்றாடச் செலவுச் சீட்டுகளைத் தணிக்கை முடிந்து, சட்டம் விதிக்கும் காலமும் கடந்தபின் கழிக்கலாம். கைப்பிடி அரிசிக் காணிக்கைக் குறிப்பும் உபதேசியாரின் சம்பளக் கணக்கும் சாதாரணச் சீட்டுகளைப் போலத் தோன்றலாம். ஆனால் ஏழை விசுவாசிகளின் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படாமல் அவற்றில் மட்டுமே இருக்கக்கூடும். எதைக் கழிப்பதாயினும், ஒருவர் தனித்து முடிவு செய்யாமல் கமிட்டி கூடித் தீர்மானித்து, கழித்தவற்றின் பட்டியலைத் தீர்மான ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். வழக்கோ தணிக்கையோ நிலுவையில் இருக்கும்போது ஒரு தாளையும் அழித்தலாகாது. அவ்வேளையில் அழிப்பது யோயாக்கீமின் செயலுக்கு ஒப்பாகும்.

ஒளிக்கும் பொருட்டு அழிப்பதும், அசட்டையினால் அழியவிடுவதும் பிறருடைய சாட்சியத்தைப் பறிப்பனவே. பழைய அலமாரியைத் திறக்கும் ஆயர், தமக்கு முன் உழைத்தோரின் கணக்கைத் தமது கையில் ஏந்துகிறார் என்பதை மறவாதிருப்பாராக.