கூதிர் காலத்து எலியும் சாவகர் இல்லமும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப் பருவத்துக்கு உரியவை. குளிர்நாடுகளில் இதே திங்கள்களில் மரங்கள் இலையுதிர்க்கின்றன. வரவிருக்கும் பனிக்கு அஞ்சி எலிகள் வீடுகளுக்குள் புகுகின்றன. தென்பாண்டி நாட்டிலும் எலிகள் வீடு புகும் காலம் ஏறத்தாழ இதுவே. ஆனால் இங்கு அவற்றைத் துரத்துவது வடகிழக்குப் பருவமழை. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளித் திருநாளுக்காக இல்லங்கள் தூய்மை செய்யப்படும் நாள்களிலேயே இவ்வழையா விருந்தினரும் வந்து சேர்கின்றனர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சாவகர் குடும்பங்களில் அப்போது ஒரு வினா ஆண்டுதோறும் எழுகிறது. தானியத்தையும் காக்க வேண்டும், விரதத்தையும் காக்க வேண்டும். இரண்டையும் முன்னோர் எவ்வாறு காத்தனர்?

இவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற நிலம் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்த மலையடிவாரம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இங்குள்ள கண்மாய்களை நிரப்ப, அவற்றின் கீழே நெல் விளைகிறது. சற்றுக் கிழக்கே சென்றால் கரிசல். அங்கே மழையை நம்பிய பருத்தியும் சோளமும் கம்பும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கும் நிலம் அது. ஆகவே கூதிர்காலத்தில் வயலில் பயிர் உண்டு, மணி இல்லை. வரப்பிலும் கரையிலும் உள்ள வளைகளுக்குள் நீர் புகுகிறது. எலி முதலில் மேட்டை நாடுகிறது, பின்னர் வைக்கோற்போரை, பின்னர் மாட்டுத் தொழுவத்தை. அங்கிருந்து அடுக்களைக்கு எத்தனை அடி?

வருவன எல்லாம் ஒரே இனம் அல்ல. நெற்கதிரைக் கடித்து வளையில் சேர்த்து வைப்பது வரப்பெலி. புன்செய் நிலத்து மணற்பாங்கில் வாழ்வது வெள்ளெலி. உள்ளங்கையில் அடங்கும் சுண்டெலியில் வயலில் வாழ்வதும் வீட்டில் வாழ்வதும் தனித்தனி. கூரைமேல் ஓடும் வீட்டெலிக்குப் பருவம் எதுவும் இல்லை. அது ஆண்டு முழுவதும் குடியிருப்பது. நீண்ட மூக்குடன் சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலியே அன்று. அது பூச்சிகளைத் தின்னும் வேறோர் உயிர். எலியென்று கருதப்பட்டு அடிபடும் அவ்வேழை உயிரின் உணவில் கரப்பான்பூச்சியும் அடங்கும் என்பதைப் பலர் அறியார்.

இந்நிலத்து மழைக்காலத்தைப் பாடிய பேரரசன் ஒருவன் உண்டு. விசயநகரத்துக் கிருஷ்ணதேவராயன் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலுங்கில் இயற்றிய ஆமுக்த மால்யத என்னும் காவியம் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஆண்டாளையும் பொருளாகக் கொண்டது. ஈரவிறகோடு போராடும் இல்லத்தரசி வரையில் மழைக்கால வாழ்வை அது நுணுக்கமாகக் காட்டுகிறது. அந்நூலைத் தமிழாக்கியவர் இராஜபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. பிராகிருத இலக்கியங்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொணர்ந்த வகையில் சமண நூல் பயில்வோரும் நன்றியுடன் நினைக்க வேண்டிய பெயர் அது.

இராஜபாளையத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் கழுகுமலை இருக்கிறது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியில் அம்மலை பெருஞ்சமணப் பள்ளியாக விளங்கியது. பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. குரவரும் குரத்தியரும் அவர்களுள் உண்டு. சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க ஏற்பட்ட அறக்கட்டளை பற்றிய கல்வெட்டும் அங்குள்ளது. அருப்புக்கோட்டைப் பகுதியில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியும் இத்தகைய புகழ்பெற்ற பள்ளியாக இருந்தது. வரலாற்று நூல்கள் இப்பள்ளிகளின் சிற்பத்தையும் எழுத்தையும் விரித்துரைக்கும். களஞ்சியத்தைப் பற்றி ஒரு சொல் உரைப்பதில்லை. ஆயினும் நாள்தோறும் பலர்க்கு உணவளிக்கும் அறத்துக்குத் தானியம் வேண்டும். தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். ஓருயிரையும் மிதியாதிருக்க மயிற்பீலி ஏந்தியவர்களின் பள்ளியில் நச்சுக்கும் பொறிக்கும் இடமிருந்திருக்க முடியாது. காவல் முழுவதும் கலத்தின் அமைப்பிலேயே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கலத்தின் பிற்கால வடிவத்தைக் கரிசல் வீடுகளில் காணலாம். வடமாவட்டங்களில் குதிர் என்று வழங்குவது இங்கே குலுக்கை. களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து, உறை உறையாக வனைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்து, சாணமிட்டு மெழுகுவர். தரையில் படாதவாறு கற்களின்மேல் நிறுத்துவர். மேல்வாயை மூடி மண்ணால் பூசிவிட்டால், அடியிலுள்ள சிறு துளை வழியாகவே தானியத்தை எடுக்க இயலும். அத்துளையும் அடைப்பால் இறுக மூடப்பட்டிருக்கும். கல்லின்மேல் நிற்பதால் ஈரம் ஏறாது. அடியில் ஒளிவிடம் இல்லாததால் எலி துளையிடத் தொடங்கினாலும் அன்றாடம் கூட்டும் பெண்களின் கண்ணுக்குத் தப்பாது. விதைத் தானியத்தில் சாம்பலும் வேப்பிலையும் நொச்சியிலையும் கலந்து வைப்பது பூச்சிக்கான காப்பு.

பால், தயிர், நெய் ஆகியவற்றுக்கு உறி. விட்டத்திலிருந்து சுவரைத் தொடாமல் தொங்கும் கயிற்றில் கலங்கள் நடுவெளியில் நிற்கும். பழந்தமிழ் இலக்கியம் சமணத் துறவியரின் கையிலும் ஓர் உறியைக் காட்டுகிறது. நீர்க்கரகத்தைத் தாங்கிய உறி அது.

இவற்றினும் வலிய காப்பு ஒன்று சாவகர் வாழ்வில் இருந்தது. அது எலியை நினைத்து ஏற்பட்டதன்று. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை சிற்றுயிர்களின் பொருட்டு ஏற்பட்ட ஒழுக்கம். அந்தியில் உண்டு முடித்து, கலங்களைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்படியைத் துடைத்துவிட்ட வீட்டில், எலி நடமாடும் இரவு முழுவதும் ஒரு பருக்கையும் கிடைப்பதில்லை. ஒரு சுண்டெலிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் உணவே போதும். இரவு பத்து மணிக்கு உண்டு தட்டைக் கழுவாது விடும் வீட்டில் அது எளிதாகக் கிடைக்கிறது. இவ்வொழுக்கம் தளர்ந்த குடும்பங்களில் எலித்தொல்லை மிகுந்தால் அதில் வியப்பில்லை.

இனி, தடுப்பையும் மீறி எலி உள்ளே வந்துவிட்டால்? இல்லறத்தாரின் ஒழுக்கத்தை வகுக்கும் நூல்கள் இதற்குத் தெளிவான அளவுகோல் தருகின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைக் கூறும். உறுப்பறுத்தல், கட்டி அடைத்தல், அடித்து வருத்துதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியன அவை. வண்டிமாட்டையும் ஏவலரையும் எண்ணி வகுக்கப்பட்டனவாகத் தோன்றும் இவற்றை எலிப்பொறியின் முன் நிறுத்திப் பார்த்தால் வியப்பு உண்டாகும். மூங்கில் வில்லால் கழுத்தை நெரிக்கும் தஞ்சாவூர்க் கிட்டி விரதத்தையே முறிப்பது. அதைப் பற்றிப் பேச ஏதுமில்லை. ஆனால் "உயிரோடுதானே பிடிக்கிறோம்" என்று வைக்கப்படும் கூண்டும் கட்டி அடைத்தலே. அதை மாலையில் வைத்துவிட்டு மறுநாள் நண்பகல் வரை பாராதிருந்தால், உணவு மறுத்தல் என்னும் குற்றமும் உடன் சேர்கிறது.

சிலர் மற்றொரு வாதம் கூறுவர். இம்சை சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நால்வகைப்படும். இல்லறத்தான் முற்றும் விலக்க வேண்டியது மனத்தால் கருதிச் செய்யும் சங்கல்பி இம்சையே. உடைமையைக் காக்க எலியைக் கொல்லுதல் விரோதி இம்சையில் அடங்கும் என்பது அவ்வாதம். இது பொருந்தாது. விரோதி என்பது பகைகொண்டு தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது. எலிக்குப் பகையில்லை, பசி உண்டு. நஞ்சைச் சோற்றில் கலந்து இரவில் மூலையில் வைப்பவன் தாக்குதலை எதிர்ப்பவனாகான். அவன் கருதியே செய்கிறான். கூலிக்கு ஆள் அமர்த்திப் பிடிக்கச் செய்தாலும் நிலை மாறாது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதை உடன்படுதல் ஆகிய மூன்றையும் நம் நூல்கள் ஒருங்கே எண்ணுகின்றன. நிலமுடையோராகவே நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்ச் சமணர்க்கு இம்மூன்றனுள் நடுவிலுள்ளதே கடினமான சோதனை.

எலியின்பால் அருள் பேசுவது எளிதாக இல்லாத காலமும் வந்தது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக்கு பின்னர் சென்னை மாகாணத்தின் மேற்கு மாவட்டங்களையும் பற்றியது. கோயம்புத்தூரில் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில் அதன் நினைவு. எலி செத்து விழுந்த வீட்டை விட்டு மக்கள் வெளியேறி, ஊர்ப்புறத்தில் குடிசையிட்டுத் தங்கினர். நோயைக் கடத்துவது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்பதை 1898இல் கராச்சியில் ஆய்ந்த சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காட்டினார். எலி இறந்ததும் தெள்ளு வேறு உடலைத் தேடும். வீட்டுக்குள் எலியைக் கொல்வதே காப்பு என்ற எண்ணத்துக்கு அவ்வாய்வு அன்றே ஓர் எச்சரிக்கையாயிற்று. இன்று மழைக்காலத்தில் அஞ்சத்தக்கது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் புண்ணுள்ள காலுடன் நடப்போரை அது பற்றுகிறது. ஆதலால் எலியை வீட்டில் இருக்கவிடுவதே அருள் என்று கூறுவதற்கும் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டு இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. முதலாவது, குலுக்கை மறைந்தது. இராஜபாளையத்தில் 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து நூற்பாலைகள் பெருகின. அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவு வளர்ந்தது. ஆண்டுக்குரிய தானியத்தைச் சேர்த்து வைத்த குடும்பங்கள் மாதக் கூலிக்கு அரிசி வாங்குவோராயின. மண்சுவர்க் கலத்தின் இடத்தைச் சாக்கும் நெகிழிப்பையும் பிடித்தன. இவை எலிப்பல்லுக்கு ஒரு பொழுதும் தாங்கா. (தபால்தலையில் இடம்பெறும் அளவுக்குப் புகழ்கொண்ட இராஜபாளைய நாய் வேட்டைக்கும் காவலுக்கும் உரியது, அடுக்களை எலிக்கு அது ஒரு தீர்வன்று.) இரண்டாவது, நஞ்சு மலிந்தது. வயிற்றில் நச்சுவாயுவை எழுப்பும் துத்தநாக பாஸ்பைடும், 1948 முதல் விற்பனைக்கு வந்த வார்பரினும் கடைதோறும் கிடைத்தன. வார்பரின் இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள்களில் உட்கசிவால் கொல்வது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகைக்கும் கேடு நேரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித உயிர்கள் பலவற்றைக் குடித்தபின், தமிழ்நாடு அரசு அதன் விற்பனையை அண்மையில் தடைசெய்தது.

பசைத்தட்டு இவற்றினும் கொடியது. ஒட்டிக்கொண்ட உயிர் பசியாலும் அச்சத்தாலும் மணிக்கணக்கில் துடிக்கும். மேற்சொன்ன ஐந்து குற்றங்களுள் மூன்றேனும் அந்த ஓர் அட்டையில் அடங்கும். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதன்வழி 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு சென்னையில் அமைந்த விலங்குநல வாரியம், பசைத்தட்டுகளைத் தடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டுள்ளது.

ஆக, எஞ்சுவது பழைய வழியே. கருவிகள் மட்டும் புதியன. சுண்டெலி நுழைய ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். கதவடி, குழாய் செல்லும் துளை, ஓட்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து ஆகியவற்றைப் புரட்டாசிக்குள் சிமெண்டாலும் நுண்கண் கம்பிவலையாலும் அடைத்துவிட வேண்டும். மழை தொடங்கியபின் அடைத்தால் உள்ளே வந்துவிட்ட எலியையும் அதன் குட்டிகளையும் பட்டினியில் பூட்டுவதாக முடியும். வைக்கோலும் விறகும் சுவரை ஒட்டி இராமல் தள்ளி இருத்தல் நலம். கூண்டு வைப்போர் அதனுள் உணவும் ஈரமான காய்த்துண்டும் இட்டு, விடியலில் முதல் வேலையாக அதைப் பார்க்க வேண்டும். திறந்துவிடும் இடம் வெள்ளம் தேங்காத மேடாகவும் புதர்ச்செறிவு உள்ளதாகவும் இருக்க வேண்டும். நடுத்தெருவில் விட்டால் காக்கைக்கு இரையிட்டதாகும். குலுக்கை இருந்த மூலையில் இப்போது இறுக்கமான மூடியுடைய எவர்சில்வர் டிரம் நிற்கிறது. அதன் அடியிலும் நான்கு கற்களை வைத்துத் தரையிலிருந்து உயர்த்தும் பாட்டிமார் கரிசல் ஊர்களில் இன்னும் இருக்கின்றனர்.