மாணவர் கிளர்ச்சியில் மகளிர் நிலை

1974-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜொகூர் பாருவின் தாசிக் உத்தாராவில் குடிசை கட்டி வாழ்ந்த ஏழை மக்களின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அது கேட்டு மலாயாப் பல்கலைக் கழக மாணவர்கள் கோலாலம்பூரினின்றும் வந்து அம்மக்களுக்குத் துணை நின்றனர், சிலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், ரப்பர் விலை வீழ்ச்சியால் பாலிங் வட்டாரத்துக் குடியானவர் பட்ட துயரை எடுத்துரைத்துத் தலைநகரில் கிளர்ச்சி செய்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். மறு ஆண்டே பல்கலைக் கழகச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் ஹிஷாமுதீன் ராயிஸ், அன்வார் இப்ராஹிம் என்னும் பெயர்களை உடனே கூறுவர். கூறட்டும், தகுதியுடையோரே. ஆனால் இடிந்த குடிசையின் முன் கைக்குழந்தையுடன் நின்ற தாய்மாரும், ஊர்வலத்தில் நடந்த மாணவியரும் யாவர் என்று கேட்டால் நம்முள் எத்துணைப் பேர் விடை சொல்வோம்?

பெண்களுக்குத் துணிவில்லை என்று கூறித் தப்ப இயலாது. 1943-ல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதிற் சேர்ந்து துப்பாக்கி பிடித்தனர். பதினாறு வயதில் அப்படையிற் சேர்ந்தவர் ராசம்மா பூபாலன். அவரே 1960-ல் மகளிர் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்துச் சம ஊதியம் கேட்டார். ஒரே பாடத்தை நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரினும் சம்பளம் குறைவாயிருந்த காலம் அது. தோட்டத்தார்க்கு இது புதுமையன்று. 1920-களின் இறுதியில் சில மாவட்டங்களுக்கு அரசாங்கம் வகுத்த நாட்கூலியே ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு! போர்முனைக்குச் செல்லலாம், கூலியிலும் நாற்காலியிலும் மட்டும் சமத்துவம் ஆகாது போலும்.

மாணவர் சங்கம் மக்களாட்சியின் திண்ணைப் பள்ளி. பாலிங் கிளர்ச்சிக்காகச் சிறை சென்ற அன்வார் 2022-ல் பிரதமரானார். அத்திண்ணையில் கூட்டக் குறிப்பு எழுதவும் தேநீர் கலக்கவும் மட்டுமே அமர்த்தப்படும் மாணவி, தலைமை தாங்க எங்கே கற்பாள்? நம்மூர் வாலிபர் சங்கங்களையும் இக்கேள்வி விட்டுவிடாது.

வழி முற்றும் அடைபட்டதென்று நாம் கூறவில்லை. 2016-ல் பொதுப்பண ஊழலை எதிர்த்துத் தலைநகரில் மாணவர் பேரணியை முன்னின்று நடத்தியவர் அனிஸ் ஷாஃபிகா என்னும் மாணவி. அதற்காகப் பல்கலைக் கழகத்தின் தண்டனையும் பெற்றார். 18 வயதினர்க்கு வாக்குரிமை வேண்டுமென இயக்கம் தொடங்கியோருள் தர்மா பிள்ளையுடன் கைரா யுஸ்ரி என்னும் நங்கையும் ஒருவர். 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தின் மக்களவை அத்திருத்தத்தை 211 வாக்குகளால், எதிர்ப்பின்றி, நிறைவேற்றிற்று.

அவ்விளைஞர் முதன்முதலாக வாக்களித்த தேர்தல்களுள் ஒன்று, 2022 மார்ச் 12-ல் நம் ஜொகூரில் நடந்த சட்டமன்றத் தேர்தலே. புத்ரி வங்சா தொகுதியில் அமிரா ஐஸ்யா என்னும் இளம்பெண் வென்றார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலிலோ, நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் மகளிர்க்குக் கிடைத்தவை ஏழில் ஒரு பங்குகூட இல்லை.