இலவு காத்த கிளியின் தரப்பு

இலவு காத்த கிளியைப் பார்த்து நாம் தலைமுறை தலைமுறையாகச் சிரித்து வந்திருக்கிறோம். காய் பழுக்கும் என்று அது காத்திருந்தது. காய் முற்றி வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிட்டது. முட்டாள்தனம் கிளியினுடையது என்பது தீர்ப்பு. மொட்டைமாடித் தொட்டியில் வைத்த ஒரு தக்காளிச் செடியின் முன் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் போய் நின்றுகொண்டிருக்கும் நான், இந்த வழக்கில் கிளியின் தரப்பையும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிளி காத்திருந்தது இயற்கை படைத்த இலவு. தக்காளியை இலவாக்கியது மனித முயற்சி. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

என் செடி பி.கே.எம். 1 ரகம். பெரியகுளத்தில், அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. பிஞ்சு பிடித்து நாற்பது நாட்களாகின்றன. காய் இனிப் பெருக்காது. அடிப்புறம் வெளிறிவிட்டது, காம்பைச் சுற்றியுள்ள தோள் மட்டும் கரும்பச்சை. தக்காளி அடியிலிருந்து மேல் நோக்கித்தான் நிறம் மாறும், தோள் கடைசி. போதாததற்கு, வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் சிவப்பைத் தரும் லைக்கோபீன் உண்டாவது தடைப்படுகிறது. காய் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும். இந்தப் பச்சைத் தோள் பார்க்கிறவனுக்கு எரிச்சல் மூட்டுவது. இந்த எரிச்சலுக்குச் சரித்திரத்தில் ஒரு பங்கு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

தக்காளி என்ற சொல் இந்தப் பழம் வருவதற்கு முந்தியது. மணத்தக்காளி, சிறுதக்காளி, பிள்ளைகள் நெற்றியில் அடித்து உடைக்கும் சொடக்குத் தக்காளி, இவற்றின் பெயர் கடல் கடந்து வந்த பழத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் சீமைத்தக்காளி என்ற அடைமொழியும் இருந்தது. மெக்ஸிகோவிலும் ஏறக்குறைய இதே கதை. நாவாட்ல் மொழியில் தோமாட்ல் என்பது உறைக்குள் இருக்கும் பச்சைப் பழத்தைக் குறித்தது. பெரிய சிவப்புப் பழம் ஷிதோமாட்ல். ஸ்பானியர்கள் முன்பாதியை விட்டுவிட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் உறைக்குள் இருக்கும் பழத்தின் பக்குவத்தைத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது. தொட்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். சிவப்புப் பழமோ தன் பக்குவத்தைத் தோலில் விளம்பரம் செய்கிறது. அதன் துரதிர்ஷ்டம் அங்கே தொடங்குகிறது.

நிறத்தை வரவழைக்க முடியும் என்பது விஞ்ஞானத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். நம் ஊர்களில் வாழைத்தாருக்கு மூட்டம் போடுவார்கள். கலிபோர்னியாவில் பச்சை எலுமிச்சையை மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறைகளில் அடுக்கினார்கள்; சூடுதான் பழுக்க வைக்கிறது என்று எண்ணம். வேறு வகைச் சூடேற்றிகளுக்கு மாறியபோது எலுமிச்சை மஞ்சளாகவில்லை. வேலை செய்தது புகையில் இருந்த எத்திலீன் என்று 1924-ல் டென்னி காட்டினார். ரஷ்யாவில் நெல்யூபோவ், விளக்கெரிக்கும் வாயுவில் பட்டாணி நாற்றுகள் கோணிக்கொள்வதற்கும் இதே எத்திலீனே காரணம் என்று 1901-லேயே கண்டிருந்தார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை இங்கிலாந்தில் கேன் 1934-ல் நிரூபித்தார். அதாவது பழம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் செய்தியை வெளியிலிருந்தும் சொல்லலாம். பச்சையாகப் பறித்து, வெகுதூரம் அனுப்பி, எத்திலீன் அறையில் சிவக்க வைக்கும் வியாபாரம் இதன்மேல் எழுந்தது. முற்றிய பச்சைக்காய் இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளும். முற்றாத காயும் சிவக்கும், ஆனால் பழமாகாது. வெளியே இரண்டும் ஒன்றுபோலிருக்கும். விதையைச் சுற்றிக் கூழ் திரண்டிருக்கிறதா என்பது அறுத்தால்தான் தெரியும். இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: வெம்பல்.

அடுத்த கட்டம் விதைக்குள் நடந்தது. பச்சைத் தோள் எனக்குத் தரும் எரிச்சல் அமெரிக்காவில் புதிய ரகங்களை உருவாக்கியவர்களுக்கும் இருந்தது. எப்போது பறிப்பது என்று நிச்சயிக்க முடியவில்லை. சந்தையில் அழகாகவும் இல்லை. சீரான வெளிர்பச்சையிலிருந்து சீரான சிவப்புக்கு மாறும் ஒரு மரபு மாற்றம் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அதையே தேர்ந்தெடுத்தார்கள். 2012-ல் ஆன் பவல் முதலியோர் 'சயின்ஸ்' இதழில் இதன் விலையை விளக்கினார்கள். தோளைக் கரும்பச்சையாக்கும் மரபணு, காயின் சதையில் பசுங்கணிகங்களைப் பெருக்கி, காய் தானே ஓரளவு சர்க்கரை தயாரிக்க உதவுகிறது. தோளை நீக்கியவர்கள் இனிப்பில் ஒரு பங்கையும் நீக்கிவிட்டிருந்தார்கள். யாரும் சதி செய்யவில்லை. கண் தேர்ந்தெடுத்தது, நாக்கை யாரும் கேட்கவில்லை.

1968-ல் விவரிக்கப்பட்ட 'ரின்' என்ற மாற்றம் இன்னும் தீவிரமானது. தாய், தந்தை இருவழியிலும் இதைப் பெற்ற காய் முற்றும், பழுக்காது. வெகுநாள் வெளிர்மஞ்சளாக அப்படியே இருக்கும். ஒருவழியில் மட்டும் பெற்ற கலப்பினம் மெதுவாகச் சிவக்கும், நாள்பட நிற்கும், ருசியும் மணமும் குறையும். நெடுநாள் கெடாத சந்தைத் தக்காளிகள் பலவற்றின் ரகசியம் இது. இதன் முன் உட்கார்ந்த கிளியை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் காத்திருத்தல் பழத்தோடு முடியும் விஷயம் அல்ல. ஒரு செடியின் காய்கள் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. பறிப்பவர் திரும்பத் திரும்ப வர வேண்டும். கலிபோர்னியாவின் வயல்களில் அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் பிரசேரோ ஒப்பந்தத்தின்கீழ் வந்த மெக்ஸிகோத் தொழிலாளர்கள். ஒப்பந்தம் 1964 முடிவில் நின்றது. அதற்கு முன்பே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஜாக் ஹன்னா ஒரு தக்காளியையும், கோபி லோரென்சன் ஓர் இயந்திரத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஒரே ஒருமுறை வரும். செடியையே அறுத்து எடுத்துக் குலுக்கும். எனவே டப்பாவில் அடைக்கும் தக்காளி ஏககாலத்தில் பழுக்கவும், அடிபட்டாலும் உடையாதிருக்கவும் வேண்டும். அது அப்படியே கற்றுக்கொண்டது. லாங்டன் வின்னர் 1980-ல் எழுதிய கட்டுரை தரும் கணக்கின்படி, 1960களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 4,000 பேராக இருந்த தக்காளி விவசாயிகள் 1973-ல் சுமார் 600 பேர். 1970களின் இறுதிக்குள் போன வேலைகள் ஏறத்தாழ 32,000. பொதுப்பணத்தில் நடந்த இந்த ஆராய்ச்சியை எதிர்த்து 1979-ல் வழக்குத் தொடரப்பட்டது. 1987-ல் தீர்ப்பு சிறு விவசாயிகளின் பக்கம் சாய்ந்தது; 1989-ல் மேல்முறையீட்டில் ரத்தாயிற்று.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அது பலவீனமானதும் அல்ல. தொட்டியில் நான்கு காய்களை வைத்துக்கொண்டு காத்திருப்பவன் வசதி உள்ளவன். விலை ஏறிய மாதத்தில் கால் கிலோ வாங்குகிறவளுக்குத் தோளின் பச்சை ஒரு பொருட்டல்ல. நாள் முழுவதும் குனிந்து பறித்தவர்களின் முதுகையும் மறக்கக் கூடாது. பழைய வயல் சொர்க்கமாக இருந்ததில்லை. நான் சொல்வது சின்ன விஷயம். திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் ஆள் இருந்தவரை பக்குவம் என்பது நிறம், கனம், மணம், காம்பு விட்டுக்கொடுக்கும் விதம் எல்லாம் சேர்ந்த தீர்ப்பாக இருந்தது. ஆள் போனதும் அது நிறமாகச் சுருங்கியது. பிறகு நிறத்தை மட்டும் தயாரிப்பது சுலபமாயிற்று.

பக்குவம், கனிவு, முதிர்ச்சி என்ற சொற்களை விமர்சனத்தில் நாம் தாராளமாகப் பிரயோகிக்கிறோம். எத்தனை தடவை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்? முதல் தொகுப்பைத் தடியால் அடித்துக் கனிய வைக்கிறோம். இரண்டாவது வந்ததும் வெம்பல் என்று ஒதுக்குகிறோம். கிளியிடம் தவறு உண்டென்றால், அத்தனை நாளில் ஒரு தடவையாவது காயைக் கொத்திப் பார்க்காததுதான்.

இன்று காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். அடியில் லேசாக இளக்கம். தோள் இன்னும் பச்சை.