சூமேக்கர், யூஜீன் மெர்ல் (1928–1997)

அமெரிக்க நிலவியலாளர். விண்பொருள்கள் மோதி உண்டாகும் பள்ளங்களை ஆராய்வதைத் தனித் துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1928 ஏப்ரல் 28 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். பத்தொன்பது வயதில் கால்டெக்கில் பட்டம் பெற்று, 1948இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்தார். கொலராடோ, யூட்டா மாநிலங்களில் யுரேனியத் தாதுவைத் தேடுவது தொடக்ககால வேலை. 1951இல் கேரலின் ஸ்பெல்மனை மணந்தார்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது அரிசோனாவின் மீட்டியர் கிரேட்டர். ஏறத்தாழ 1.2 கி.மீ. அகலமும் 170 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் இது. 1891இல் இதைப் பார்வையிட்ட நிலவியலாளர் கில்பர்ட், நீராவி வெடிப்பால் உண்டானது என்று முடிவுகட்டினார். நிலவின் பள்ளங்கள் மோதலால் வந்தவை என்று அடுத்த சில ஆண்டுகளுக்குள் வாதிட்டவரும் இதே கில்பர்ட்தான். சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிஞ்சரோ விண்கல்லே காரணம் என்று நம்பினார். அடியில் இரும்புப் பாளம் புதைந்திருக்கும் என்று 1903 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தேடினார். பாளம் கிடைக்கவில்லை. மோதிய வேகத்தில் விண்கல்லின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் போயிருந்தது. உருகியது எவ்வளவு, ஆவியானது எவ்வளவு என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை.

சூமேக்கர் இந்தப் பள்ளத்தை முதலில் கண்டது 1952இல். பின்னர் நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைகள் தோண்டிய ஜாங்கிள்-யு (1951), டீப்பாட்-எஸ் (1955) ஆகிய குழிகளையும் ஆராய்ந்து, அவற்றோடு இதை ஒப்பிட்டார். டீப்பாட்-எஸ்ஸின் விளிம்பில் அடுக்குகள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தன. அரிசோனாவிலும் அதே கோலம்: மேலே இருக்கவேண்டிய செந்நிறக் கல் கீழே, அதன்மேல் சுண்ணாம்புக்கல், அடியாழத்து வெண்மணற்கல் உச்சியில். விரித்த பாயின் ஓரத்தை வெளிப்புறமாக மடித்துப் போட்டதுபோல. இதை அவர் கண்டது தொலைநோக்கியில் அல்ல, சுத்தியலும் வரைபடத் தாளுமாக விளிம்பைச் சுற்றி நடந்து.

1960இல் எட்வர்ட் சாவோ, மேட்சன் ஆகியோருடன் சேர்ந்து, இப்பள்ளத்தின் மணற்கல்லில் கோயசைட் இருப்பதை வெளியிட்டார். மிகுந்த அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் சிலிக்கா வகை அது. அதுவரை ஆய்வகத்தில்தான் அறியப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜெர்மனியின் ரீஸ் வட்டாரத்துக்குச் சென்றார். சுமார் 24 கி.மீ. அகலமுள்ள அந்தத் தாழ்நிலத்தைப் பலரும் எரிமலையின் வேலை என்றே கருதிவந்தனர். நோர்ட்லிங்கன் நகரத் தேவாலயத்தின் சுவர்க்கல்லைப் பார்த்த மாத்திரத்தில் சூமேக்கர் உண்மையைக் கண்டுகொண்டதாக ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கல் மோதலில் பிறந்த பாறைதான் என்றாலும், வழக்கைத் தீர்த்தது ஆய்வகத்தில் அகப்பட்ட கோயசைட்டே.

1961இல் நிலவியல் அளவைத் துறையில் வானிலவியல் பிரிவை நிறுவினார். பின்னர் அது ஃபிளாக்ஸ்டாஃபில் நிலைகொண்டது. நிலவுக்குப் போகும் முதல் நிலவியலாளராக வேண்டும் என்பது அவர் கனவு. 1963இல் கண்டறியப்பட்ட அடிசன் நோய் அதற்குத் தடையானது. அப்போலோ வீரர்களுக்கு மீட்டியர் கிரேட்டரில் பாறைகளைப் படிக்கக் கற்றுத்தந்தார். அவர் பிரிவில் பணியாற்றிய ஹாரிசன் ஷ்மிட் 1972இல் நிலவில் நடந்தார்.

1969இல் கால்டெக் பேராசிரியரானார். 1973 முதல் எலினர் ஹெலினுடன் பாலோமர் வான்காணகத்தின் 46 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் சிறுகோள்களைத் தேடினார். பிள்ளைகள் வளர்ந்தபின், ஐம்பதை ஒட்டிய வயதில் வானியலுக்கு வந்த கேரலின் 32 வால்வெள்ளிகளைக் கண்டார். அவர் கண்ட சிறுகோள்களின் எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது. கணவன் மனைவி இருவரும் டேவிட் லெவியும் 1993 மார்ச்சில் கண்டறிந்த சூமேக்கர்–லெவி 9 வால்வெள்ளி, துண்டுதுண்டாக 1994 ஜூலை 16 முதல் 22 வரை வியாழன்மேல் விழுந்தது. பழைய தழும்புகளைப் படித்தே வாழ்ந்தவருக்கு, அடி விழுவதையே பார்க்கக் கிடைத்தது.

1997 ஜூலை 18 அன்று ஆஸ்திரேலியாவில் பள்ளங்களைத் தேடிய பயணத்தில் கார் விபத்தில் இறந்தார். உடனிருந்த கேரலின் காயங்களுடன் பிழைத்தார். சூமேக்கரின் சாம்பலில் ஒரு சிட்டிகையை லூனார் புராஸ்பெக்டர் விண்கலம் நிலவுக்குச் சுமந்துசென்றது. அதை வைத்த சிறு குப்பியைச் சுற்றிய பித்தளைத் தகட்டில் மீட்டியர் கிரேட்டரின் படமும் 'ரோமியோ ஜூலியட்' வரிகள் சிலவும் பொறிக்கப்பட்டிருந்தன. 1999 ஜூலை 31 அன்று அக்கலம் நிலவின் தென்முனை அருகே மோதவிடப்பட்டது.

ஈராஸ் சிறுகோளில் 2001இல் இறங்கிய நியர் சூமேக்கர் கலத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. கேரலின் 2021இல் காலமானார். இருவரும் ஆராய்ந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் டீக் வளையம் இப்போது சூமேக்கர் பள்ளம் எனப்படுகிறது. அதன் வயது இன்னும் உறுதிப்படவில்லை.